மாமனார் டோக்கன் தொங்கும் சுவிட்ச்

பெரியப்பா மாணிக்கராஜ் கடவுளைக்கூடச் சந்தேகப்படுவார்; கம்பெனிக்காரன் போட்ட ஒயரைச் சந்தேகப்பட மாட்டார்.

இளவயதில் தங்கச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓட்டியவர். சுரங்கத்தை மூடியதும் பெங்களூரில் ஒரு அப்பார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி ஆனார். அங்கே கேட்டைத் திறந்து மூடுவதைத் தவிர வேலை இல்லை என்பதால், மிச்ச வீரத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீடு பழைய சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ். அறைக்கு ஒரு பல்பு எரிய வெள்ளைக்காரன் காலத்தில் இழுத்த ஒயர்; மேலே சுற்றிய துணி தொட்டாலே பொடியாக உதிரும். பெரியப்பா அதைப் பரம்பரை நகை போலப் பார்ப்பார்.

போன டிசம்பரில் கரண்டில் சூடாகும் சுடுதண்ணீர் ஷவர் வந்தது. பெரியம்மா டெய்சிக்காக வாங்கியது. அவர் விடியற்கால ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். ஆளை வைத்து மாட்டுவது கேவலம் என்று பெரியப்பா தானே மாட்டினார், குளியலறை லைட்டுக்குப் போகிற அதே ஒயரில். முதல் நாளே ஃபியூஸ் போயிற்று. மெல்லிய ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிப் போட்டார். பம்ப் நின்றால் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிடும், அதனால் எதுவும் நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை. எங்கள் குளியலறையில் ஏறக்கூடிய தண்ணீர் மொத்தமே ஒரு பக்கெட்.

சீக்கிரமே சுவிட்ச் பழுப்பேறியது. பெரியம்மா குளிக்கும்போதெல்லாம் கருவாடு கருகுகிற நாற்றம். நாடு நாடாகச் சுற்றி, மட்டமான விடுதிகளில் குளித்துப் பழகியவள் நான். எனக்கே பயம் வந்து சுவரைத் தொட்டேன். இஸ்திரி போட்டு எடுத்த சட்டை போலச் சுட்டது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். பெரியம்மா தலை நிறைய சோப்போடு இருட்டில் நின்று என்னைத் திட்டினார். சுவர் சுடுவதைச் சொன்னதும் திட்டு பெரியப்பா பக்கம் திரும்பியது.

வெள்ளைக்காரன் ஒயர் சூடாகும், எரியாது என்றார் பெரியப்பா. எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டால் ராபர்ட்சன்பேட்டை ஊரே சிரிக்கும் என்றார். மெயினைத் திரும்பப் போட்டார்.

பெரியம்மா வாதாடவில்லை. செத்துப்போன தன் அப்பா நேசமணியின் பித்தளை டோக்கனை பீரோவிலிருந்து எடுத்தார். அவரும் சுரங்கத்துக்காரர். பெரியப்பா வேலை பார்த்த பம்ப் அறையில் ஒரு பழக்கம். மெஷினில் கை வைக்கப் போகிறவன் சுவிட்சை அணைத்து, தன் நம்பர் பொறித்த டோக்கனை அதில் மாட்டிவிட்டுப் போவான். அதை அவன்தான் வந்து எடுக்கவேண்டும். வேறொருவன் தொட்டால், சுரங்கத்துக்குள் இறக்கிவிடும் கேஜில் அவனோடு யாரும் ஏற மாட்டார்கள். பெரியப்பாவே எங்களுக்கு ஆயிரம் தடவை சொன்ன கதை.

பெரியம்மா ஷவர் சுவிட்சை அணைத்து அதில் டோக்கனைக் கட்டினார்.

"எங்க நைனா மாட்டிட்டாரு. அவரே வந்து எடுக்கட்டும்."

"இன்னா டெய்சி, அவரு கல்லறையில இருக்காரு."

"அப்ப வெயிட் பண்ணுங்க."

பெரியப்பா கையை நீட்டினார். மாமனார் நம்பரைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார். உயிரோடு இருந்தபோது அந்த மனுஷருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

அதன்பின் பெரியம்மா இன்னும் முன்னதாக எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தார், தனக்கு மட்டும். பெரியப்பா டிசம்பர் குளிரில் பச்சைத்தண்ணீரில் குளித்தார். ஏசுவின் பெயரை அவர் அத்தனை சத்தமாகச் சொல்லி நான் கோயிலில்கூடக் கேட்டதில்லை.

கடைசியில் அவரே எலெக்ட்ரிஷியன் விநாயக்கைக் கூட்டிவந்தார், பின்வாசல் வழியாக. விநாயக் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, செம்பு முறுக்கைத் தூக்கிக் காட்டி இது யார் வேலை என்று கேட்டார். நாங்கள் காட்டிக்கொடுக்கவில்லை, பெரியப்பாவைப் பார்த்தோம், அவ்வளவுதான். மீட்டரிலிருந்து ஷவருக்கென்றே தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, எர்த் கொடுத்து, கோளாறு வந்தால் தானே விழுகிற பிரேக்கர் போட்டார். புது சுவிட்சும் வைத்தார். லைட்டுக்கும் புது ஒயர். பழைய சுவிட்சின் இணைப்பை மட்டும் துண்டித்து, அதைச் சுவரிலேயே விட்டார். கழற்றவேண்டுமென்றால் டோக்கனை எடுக்கவேண்டும், பெரியப்பா விடவில்லை.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், பெரியப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"மாமனாரு இன்னும் ஷிப்ட்ல இருக்காரு."