பதினாலாம் நம்பர் மலையில் கட்டிய துவக்கு

1. கவுண்டரில் ஒரு கேள்வி

"மிஸ், கட்டுத்துவக்கு கட்டினவன் தானாவே வந்து சொன்னா, ஜெயில்ல போடுவாங்களா?"

பொதுமக்கள் நாள், காலை ஒன்பதரை மணி. பதுளை மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகம். எது என்று இங்கே வேண்டாம். துவக்கு எனப்படும் துப்பாக்கிக்கான லைசன்ஸ் விடயம் அப்போது என் மேசையில் இருந்தது. விண்ணப்பங்களைச் சரிபார்த்து மாவட்டச் செயலகத்துக்கு அனுப்புவேன். குறை இருந்தால் திருப்பிக் கொடுப்பேன்.

கேட்டவர் செல்லமுத்து. நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள். அவரை எனக்கு முன்பே தெரியும். இரண்டு தடவை விண்ணப்பம் கொண்டு வந்து, இரண்டு தடவையும் என் கையெழுத்தோடு திரும்பிப் போனவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் சின்னதாக போஞ்சிக் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார். பன்றி வந்து கிளறிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு கேட்டால் காணி உறுதிப் பத்திரம் காட்ட வேண்டும். லயத்தில் இருப்பவரிடம் உறுதி ஏது? காணி தோட்டக் கம்பனியுடையது. "காணி உரித்துக்கான சான்று இல்லை" என்று எழுதிக் கொடுப்பேன். சட்டப்படி சரியான பதில்தான்.

புதிதாக இந்த மேசைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊவா மாகாணத்தில் சட்டம் ஒன்றுதான், ஆனால் துவக்கைப் பற்றிய எண்ணம் ஊருக்கு ஊர் வேறு. மஹியங்கனைப் பக்கம் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர்களுக்கு அது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். பதுளை டவுனில் ஒரு பெரியவர், வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிக்க வெல்வெட் உறையில் போட்டுக் கொண்டு வருவார். "ஒரு தடவையாவது சுட்டிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டேன். "சுடுறதுக்கா மிஸ் வச்சிருக்கேன்? வீட்டுக்கு ஒரு மரியாதை" என்றார். பஜாரில் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கோ துவக்கு என்ற சொல்லே ஆகாது. நான் இந்த விடயத்துக்கு மாறியதைக் கேட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தோட்டத்து லயத்து ஆள் ஒருவருடைய பெயர் மட்டும் என் பதிவேட்டில் ஒரு நாளும் ஏறியதில்லை.

லைசன்ஸ் கிடைக்காதவர்களில் சிலர் போகிற வழிதான் கட்டுத்துவக்கு. குழாயில் செய்த கள்ளத் துவக்கைப் பன்றி வரும் தடத்தில் கட்டி, குறுக்கே மெல்லிய கம்பி இழுத்து விடுவார்கள். கம்பியில் எது பட்டாலும் வெடிக்கும். பன்றிக்கு நெஞ்சில் படும் உயரம், மனிதருக்கு முழங்கால்.

செல்லமுத்துவின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. நகக்கண்ணில் மண். நான் பேனாவை வைத்தேன்.

"எங்க கட்டியிருக்கீங்க?"

"நான் கட்டலீங்க மிஸ். எனக்குக் கட்டத் தெரியாது. கீழ் கிராமத்து ஆளு ஒருத்தரு வந்து நேத்து பொழுது சாய கட்டினாரு. விடிய வந்து அவுத்துர்றேன்னாரு. வரல. போன் அடிச்சா ஆஃப். நானே போயி பார்த்தேன், மானாப்புல்லு இடுப்பளவு நிக்குது, கம்பி கண்ணுக்குத் தெரியல. உள்ள கால வைக்கப் பயமாயிருச்சு."

"எந்த இடம்?"

"பதினாலாம் நம்பர் மலை ஓரம். அங்க இன்னிக்குக் கொழுந்து இல்லீங்க. காலைல பெரட்டுல வேல பிரிச்சப்ப பத்தாம் நம்பருதான் சொன்னாங்க."

"தோட்டத்துல ஏன் சொல்லல?"

"சொன்னா லயத்த விட்டு எறக்கிருவாங்க மிஸ். பொலிசுல சிங்களத்துல என்னத்த சொல்றது? ஒங்களத்தான் தெரியும்."

2. இரண்டு தொலைபேசி அழைப்புகள்

அவர் மனைவி பரமேஸ்வரியும் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய போனுக்கு அடிக்கச் சொன்னேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. போனை லயத்தில் விட்டுவிட்டுப் போயிருப்பார் போல.

அலுவலகத் தொலைபேசியில் தோட்டத்து ஆபீசைப் பிடித்தேன். கிளாக்கர் எடுத்தார். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று கேட்டேன்.

"பத்தாம் நம்பர் முடியப் போகுது மிஸ். தேத்தண்ணிக்குப் பொறகு பதினாலுக்குப் போறாங்க. ஏன் கேக்குறீங்க?"

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பது. தேநீர் இடைவேளை பத்து மணிக்கு.

"பதினாலாம் நம்பர்ல கட்டுத்துவக்கு இருக்கு. ஒருத்தரையும் உள்ள விடாதீங்க. இப்பவே ஆள் அனுப்புங்க."

அந்தப் பக்கம் அவர் யாரையோ சத்தமாகக் கூப்பிட்டார். பிறகு, "அந்த மலையில சிக்னல் இல்ல மிஸ். கணக்கப்பிள்ளைய பைக்குல அனுப்புறேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த அழைப்பு பொலிசுக்கு. நான் எண்ணை அழுத்தத் தொடங்கியதும் செல்லமுத்து என்னைப் பார்த்தார்.

"மிஸ், ஒங்கள நம்பித்தான் சொன்னேன்."

இதை மறைக்காமல் எழுதுகிறேன். என் விரல் நின்றது. தோட்டத்துக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்களை நிறுத்திவிடுவார்கள், இவரே அந்த ஆளைத் தேடிப் பிடித்து அவிழ்த்துவிடட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் அவிழ்க்கத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. கணக்கப்பிள்ளையின் பைக் போய்ச் சேருமா என்றும் தெரியாது.

"பொலிசுக்குச் சொல்லித்தான் ஆகணும் செல்லமுத்து. நீங்களா வந்து சொன்னீங்கன்னு நான் எழுதிக் குடுப்பேன்."

இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் விவரம் சொன்னேன். இடத்தைக் காட்ட அந்த ஆள் கட்டாயம் வேண்டும் என்றார். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வாசலில் நின்ற த்ரீவீலரில் செல்லமுத்துவை ஏற்றி நானும் ஏறினேன். தனியாக விட்டால் அவர் பாதியில் இறங்கி ஓடிவிடுவாரோ என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது.

3. உட்காரச் சொன்னது

பாதை கல்லும் குழியுமாக இருந்தது. வழி நெடுக அவர் போனை எடுத்து எடுத்து மனைவிக்கு அடித்தார். தோட்டத்துப் பாலம் தாண்டியதும் சிக்னலும் போய்விட்டது.

நாங்கள் பதினாலாம் நம்பர் மலையின் அடிவாரத்தில் இறங்கியபோது மணி பத்து இருபது. ரோட்டோரத்தில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை நேரத்துக்கு வந்து நிறுத்திவிட்டார். எனக்கு உயிர் வந்தது. செல்லமுத்து கூட்டத்துக்குள் நுழைந்து முகம் முகமாகப் பார்த்தார்.

"பரமேஸ் எங்க? பரமேஸ் எங்கடி?"

ஒரு பெண் மேலே கை காட்டினாள். ஐந்து பேர் குறுக்குப் பாதையால் முன்னாலேயே ஏறி, உச்சியிலிருந்து நிரை பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தேயிலைக்கு மேலே தலைகளும் முதுகில் கூடைகளும் தெரிந்தன. அவர்களுக்குக் கீழே மானாப்புல் பட்டை. அதைத் தாண்டித்தான் போஞ்சித் தோட்டம்.

செல்லமுத்து கத்தினார். "வராத! பரமேஸு, வராத!"

காற்று எங்கள் முகத்துக்கு நேராக அடித்தது. அவர் குரலில் பாதிதான் மேலே போயிருக்கும். பரமேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார். புருஷன் கையை ஆட்டிக் கத்துகிறார், பக்கத்தில் ஆபீஸ் மிஸ், கீழே ஊரே நிற்கிறது. வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். புல்லை நோக்கி வேகமாக இறங்கத் தொடங்கினார். "வராத" என்றது "வா" என்று கேட்டதாகப் பிறகு சொன்னார்.

நான் செல்லமுத்துவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "வராதன்னு சொல்லாதீங்க. உக்காருன்னு சொல்லுங்க! எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க! கையக் காட்டி நீங்களும் உக்காருங்க!"

ரோட்டில் நின்ற அத்தனை பெண்களும் தரையில் உட்கார்ந்து, "உக்காரு! உக்காரு!" என்று கத்தினார்கள். நானும் சேலையோடு மண்ணில் உட்கார்ந்து கத்தினேன். மேலே நான்கு தலைகள் தேயிலைக்குள் மறைந்தன. பரமேஸ்வரி இன்னும் நாலைந்து எட்டு எடுத்து வைத்தார். பிறகு நின்றார். எங்களையே பார்த்தார். மெதுவாகக் கூடையோடு அமர்ந்தார்.

பொலிஸ் ஜீப் வர இன்னும் அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் யாரும் எழும்பவில்லை. அட்டை ஏறியது, வெயில் ஏறியது. செல்லமுத்து தலையைத் தூக்கவே இல்லை.

பொலிசோடு வந்த ஒருவர் நீளத் தடியால் புல்லை விலக்கி விலக்கிப் போய்க் கம்பியைக் கண்டுபிடித்தார். தூர நின்று தடியால் தட்டினார். சத்தம் மலை முழுதும் அடித்துத் திரும்பியது. புகை அடங்கியதும் பார்த்தோம். எதிரே இருந்த தேயிலைச் செடி ஒன்றின் அடித்தண்டு சிதறிப் போயிருந்தது. பரமேஸ்வரி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தக் கம்பிக்கு ஆறு எட்டுத் தூரம் இருக்கலாம்.

அவர் இறங்கி வந்தபோது செல்லமுத்து ஜீப்புக்குள் இருந்தார். என்ன நடந்தது என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"என் உசுரக் காப்பாத்துனீங்க. என் புருஷனப் புடிச்சுக் குடுத்துட்டீங்க. நான் ஒங்களக் கும்புடவா, ஏசவா மிஸ்?"



4. பிறகு

செல்லமுத்து விளக்கமறியல் சிறையில் இரண்டு வாரம் இருந்தார். அவராகவே வந்து சொன்னதை நான் எழுத்தில் கொடுத்தேன், நீதிமன்றத்திலும் சொன்னேன். ஒத்திவைத்த தண்டனையோடு விட்டார்கள். துவக்குக் கட்டிய ஆளையும் பின்னர் பிடித்தார்கள். அவர்கள் குடியிருந்த லயக் காம்பராவைத் தோட்டம் திருப்பிக் கேட்கவில்லை, போஞ்சித் தோட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இன்று அங்கே மானாப்புல்தான் வளர்ந்து கிடக்கிறதாம்.

அவருடைய இரண்டு விண்ணப்பங்களையும் எடுத்து மறுபடி வாசித்தேன். கடைசிப் பத்தியில், "துவக்கு இல்லாவிட்டால் வேறு ஏதாவது வழி சொல்லித் தாருங்கள்" என்று பென்சிலால் எழுதியிருந்தார். இரண்டிலும் இருந்தது. உறுதி இணைக்கப்படவில்லை என்று கண்டதும் நான் அதற்குக் கீழே வாசிக்காமல் விட்டிருக்கிறேன்.

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. லயத்துக்கு லயம் துவக்கு கொடுக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு முடியாது. ஆனால் மறுப்பு எழுதுவதோடு நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தது என் பிழை. அதன் பிறகு ஒவ்வொரு மறுப்போடும் விவசாயிகளுக்கு உதவும் கமநல சேவை நிலையத்துக்கு, பயிருக்கு வேலி கேட்டு ஒரு கடிதம் வைத்தேன். சிலருக்கு வேலிக்கம்பி கிடைத்தது. பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம் இன்னொரு தோட்டத்து ஆள் வந்தார். அவரிடமும் காணி உறுதி இல்லை. மறுப்புக் கடிதத்தை நீட்டிவிட்டு, "இத வாங்கிட்டுப் போயி இனி என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் கதவைப் பார்த்தார். பிறகு நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார்.