ரெட்டைப்புள்ளிக்கு ஒரு மனு

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுறவன் பாதி ஆயுசு, தொறந்த அடைப்புக்குறியைச் சாத்துனோமான்னு தேடியே போயிரும், பட்டவுகளுக்குத் தெரியும்.

எழுபதுகள்ல காரைக்குடி காலேஜ்ல நாங்களே ஒரு கம்ப்யூட்டர் மொழி உருவாக்கிக்கிட்டிருந்தோம். அதுல எல்லாமே ஃபங்ஷன்தான். எண்ணைக் குடுத்தா விடை தரும். குடுக்குறதுக்கு அடைப்புக்குறி: வேர்(இரட்டி(8)). எட்டு பதினாறாகி, அதோட வர்க்கமூலம் நாலுன்னு வரும்.

ரயிலேறிய அட்டை

எங்ககிட்ட மெஷின் கெடையாது. அட்டையில ஓட்டை குத்தி, ரயில்ல மெட்ராசுக்கு அனுப்பிட்டு ஒரு வாரம் காத்திருக்கணும். என் புரோகிராம் ஓடாமலே திரும்பி வந்துச்சு. அட்டை குத்துற மீனாட்சியம்மா மேல பாய்ஞ்சேன். அவுக தாளை எடுத்து நீட்டுனாக.

“செட்டியார் வீட்டுக்குள்ள போறாப்புல எட்டு வாசலைத் தொறந்தீக, ஏழைத்தான் சாத்துனீக. எழுதிக் குடுத்ததைத்தானே சார் நான் குத்துவேன்!”

ஆறு மனு

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அடைப்புக்குறிக்குப் பதிலா ரெட்டைப்புள்ளி. வேர்: இரட்டி: 8. புள்ளிக்கு வலப்பக்கம் இருக்குறது பூராவும் இடப்பக்கத்து ஃபங்ஷனுக்குள்ள போயிரும். சாத்துற வேலையே இல்ல. லீவுக்கு முன்னாடி மொழியோட விதிகளை முடிவு பண்ணிருவாக. அதுக்குள்ள என் புள்ளி உள்ள போயாகணும். ஆறு தடவை மனு எழுதி டிபார்ட்மெண்ட் ஹெட்டு மேசையில வச்சேன். ஆறாவதுக்குத்தான் நிமிர்ந்து பாத்தாரு.

“உலகமே அடைப்புக்குறி போடுது. நீரு மட்டும் புள்ளி வச்சுக் கோலம் போடப் போறீரா?”

கனைப்பு

ஹெட்டு பேசுறதுக்கு முன்னாடி தொண்டையைக் கனைப்பாரு. ஸ்டாஃப் ரூம்ல அதே மாதிரி கனைச்சு, அதே கோலப் பேச்சைப் பேசிக் காட்டுனேன். சிரிப்பு பட்டுனு நின்னுச்சு. திரும்பிப் பாத்தா, வாசல்ல அவரே.

“ரெண்டு தடவைதான் கனைச்சீரு. நான் மூணு தடவை கனைப்பேன். ஒண்ணு கொறையுது.”

ஏழாவது மனு

அந்த வாரமே அவரோட புரோகிராம் மெட்ராசிலிருந்து ஓடாம வந்துச்சு. அட்டைக் கட்டு மேல சீட்டு: அடைப்புக்குறி ஒண்ணு கொறையுது. மீனாட்சியம்மா என்னைப் பாத்தாக. நான் மனுவை அவரு முன்னால வச்சு, மூணு தடவை கனைச்சேன். அவரு சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாரு. அப்புறம் பேனாவை எடுத்தாரு.

“சரி... அந்தப் புள்ளியை எங்குட்டுய்யா வைக்கணும்?”

எங்க மொழியில அதுக்கப்புறம் சாத்த வேண்டியதுன்னு மிஞ்சுனது என் வாய் ஒண்ணுதான்.