சிங்கராயரின் நீல வாளி

முதலில் சட்டை, பிறகு தலைத்துண்டு, கடைசியாகக் கைலி. மூன்றையும் இரண்டே விரலால் தூக்கி, பிடி உடைந்த நீல வாளிக்குள் போட்டுவிட்டு, அரைக்கால் டிராயரோடு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குளிக்கிறார் சிங்கராயர். ஒரு தடவை சோப்புப் போட்டால் போதாது, மூன்று தடவை. நகக்கண்ணைத் தேய்க்கத் தேங்காய் நார் தனியாக உண்டு. குளித்துவிட்டு வேறு கைலி கட்டிக்கொண்டு, ரப்பர் உறை மாட்டிய கையால் வாளித் துணியை அங்கேயே கிடக்கும் கல்லில் அலசுகிறார். அந்தத் தண்ணீரை வாய்க்காலில் கொட்ட மாட்டார். வாய்க்காலை விட்டுத் தள்ளித் தானே வெட்டி வைத்திருக்கும் குழியில்தான் ஊற்றுவார். "கீழ ஆடுமாடு குடிக்கும் சார்" என்பார். எங்கள் ஊரில் இவ்வளவு யோசிக்கிற ஆள் வேறு யாரும் கிடையாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. நெல்லுக்குப் பூச்சிமருந்து அடிப்பது சிங்கராயரின் தொழில். ஐம்பத்தாறு வயது. முதுகில் டேங்க் மாட்டி மாட்டி இடது தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. மடியில் ஒரு சின்ன டப்பாவில் உமி வைத்திருப்பார். வயலில் இறங்குமுன் ஒரு சிட்டிகை எடுத்துக் காற்றில் விடுவார். உமி அவர் பக்கம் திரும்பி வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. "காத்து எம் மூஞ்சிக்கு வருது. கலெக்டரே வந்து நின்னாலும் நாளைக்குத்தான்" என்று டேங்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

புகையான் பூச்சி விழுந்து பயிர் கருகும்போது எங்களைப் போன்ற நிலக்காரர்களுக்குப் புத்தி வேலை செய்யாது. "இன்னும் ஒரு மூடி சேத்து ஊத்துய்யா" என்று பின்னாலேயே ஓடுவோம். அவர் அசைய மாட்டார். "கூட ஊத்துனா பூச்சி ஒண்ணும் அதிகமாச் சாவாது சார். நாமதான் சாவோம்." இப்போது ட்ரோன் வந்துவிட்டது. பெரிய பண்ணைக்காரர்கள் அதைக் கூப்பிடுகிறார்கள். என்னைப் போல மூன்று மா, நாலு மா என்று ஓர் ஏக்கர் சொச்சம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சிங்கராயர்தான்.

ஆனால் ஊருக்கு அவருடைய தொழில் பெரிசில்லை, அவர் துணி துவைப்பதுதான் பெரிசு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு கொடி கட்டியிருப்பார். ஒன்று வீட்டாருக்கு. இன்னொன்று, வேலி ஓரமாக, அவருடைய வேலைத்துணிக்கு மட்டும். அந்த நீல வாளியை மனைவி அருள்மேரி தொட்டால் போதும், "வை கீழ!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. டீக்கடையில் அவர் தலையைக் கண்டாலே யாராவது ஆரம்பிப்பார்கள். போன ஆவணியில் ஆரம்பித்தது நான்தான். "என்ன சிங்கராயரே, அருள்மேரி சேலையும் நீங்கதானா துவைக்கிறீங்க?" கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். "சோப்பு நீங்க வாங்கிக் குடுங்க சார், உங்க வீட்டுச் சேலையும் சேத்துத் துவைச்சிடுறேன்." டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் அதைக் கவனித்தேன், கவனித்தும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அருள்மேரி அப்படியில்லை. அவருக்கு இதில் அப்படி ஒரு பெருமை! "ஜாஸ்லின் வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சாரு. இன்னிவரைக்கும் அவர் துணிய நான் தொட்டதில்ல. எம் மேல அவ்ளோ உசிரு. எந்த ஆம்பள இப்படிச் செய்வான் சொல்லுங்க?" என்று என் மனைவியிடம் சொல்லிச் சொல்லி, எனக்கு வீட்டில் பல நாள் திட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். இந்தப் பேச்சு வந்தால் சிங்கராயர் அந்த இடத்தில் நிற்க மாட்டார். ஏதோ வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவார். கூச்சம் என்று நினைத்தோம்.

ஜாஸ்லினுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். எட்டு மாதத்தில் பிறந்து இரண்டு நாள் இருந்தான். அந்தச் சமயம் அருள்மேரி மசக்கை தாங்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்த ஒரு கீற்றுப் பப்பாளிப் பழம் தின்றிருந்தாராம். அவ்வளவுதான். மாமியார் சொல்ல, தெரு சொல்ல, கடைசியில் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டுக் கொல்லையில் நின்ற பப்பாளி மரத்தை அவரே வெட்டிப் போட்டார். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பழத்தை வாயில் வைத்ததில்லை. கல்யாண விருந்தில் பழத்தட்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்லறைத் திருநாளன்று அந்தச் சின்னக் குழிக்கு மெழுகுவத்தி ஏற்றி மண்டியிடுவார். சிங்கராயர் மட்டும் உள்ளே போக மாட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே நிற்பார்.

இந்த ஐப்பசியில் ஜாஸ்லின் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். கொண்டுவந்து விட்ட மருமகன் ஆன்டோ வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்தான். சிங்கராயர் அவன் தோளில் அன்பாகக் கைபோட்டுத் தெருமுனை வரைக்கும் நடத்திப் போனார். "இங்க நின்னு குடிங்க மாப்ள. முடிச்சிட்டு வாயக் கொப்புளிச்சு, சட்டைய மாத்திட்டு உள்ள வாங்க." கொசுவத்திச் சுருளை எடுத்துக் குப்பையில் போட்டு வலை வாங்கிக் கட்டினார். தலைவலி மாத்திரை கேட்டவளை, "டாக்டர் எழுதுனதா?" என்று குறுக்குவிசாரணை செய்தார். வயல் பக்கம் வரவே கூடாது என்று சத்தியம் வாங்கினார். அருள்மேரி பங்குக்கு ஒன்றே ஒன்றுதான், காலையும் மாலையும். "நான் செஞ்ச தப்ப நீ செஞ்சிடாதடி. பப்பாளி பக்கம் போயிடாத." அதைச் சொல்லும்போதெல்லாம் சிங்கராயர் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பாராம். இதை ஜாஸ்லின் பிற்பாடு என் மனைவியிடம் சொன்னாள்.

அன்றைக்கு என் வயலில்தான் மருந்து. அடித்து முடித்துக் குளித்து, துணியை நீல வாளியில் ஊறப்போட்டுவிட்டு, கொட்டகைக்கு அந்தப் பக்கம் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்று பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாஸ்லின் வருவதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவள் நேரே வாளிக்குப் போய், குனிய முடியாமல் காலை அகட்டி உட்கார்ந்து, கையை உள்ளே விட்டுச் சட்டையைப் பிழிந்தாள். தண்ணீர் முழங்கை வரை வழிந்தது.

"அப்பா, இன்னிக்கு நான் அலசிப் போடறேன். டீக்கடையில எல்லாரும் உன்னப் பாத்துச் சிரிக்கிறாங்களாம். எனக்கு மனசே ஆறல."

சிங்கராயர் ஓடிவந்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "கீழ போடு! போடுடி கீழ!" அவள் தோளைப் பிடித்து இழுத்துவிட்டு வாளியை எட்டி உதைத்தார். சுத்தத் தண்ணீர்க் குடத்தை அப்படியே அவள் கையில் கவிழ்த்து, சோப்பை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். அப்பா தன்னை அதட்டியதே இல்லை என்பதால் பெண் பயந்து அழுதாள். மகளைத் தேடிப் பின்னாலேயே வந்த அருள்மேரி இதைக் கண்டதும் வெடித்தார். "என்னங்க இது! புள்ளத்தாச்சிப் பொண்ணப் போய் இந்தப் பாடா படுத்துவீங்க? ஒரு துணிய அலசுனா என்ன கெட்டுப்போச்சு? அந்தக் காலத்துல உங்க துணிய நான் அலசலயா?"

"அதத்தான்டி சொல்றேன்" என்றார் சிங்கராயர். சோப்பு நுரையோடு மகளின் கை இன்னும் அவர் கைக்குள் இருந்தது. அருள்மேரியைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்த்தே பேசினார். "மேரி, அந்த நர்சம்மா எங்கிட்ட சொல்லிச்சு."

"எந்த நர்சம்மா?"

"சைக்கிள்ல வருமே, அது. மொதப் புள்ள வயித்துல இருந்தப்ப. மதகுகிட்ட நிறுத்தி வச்சிச் சொல்லிச்சு. மருந்து அடிச்ச துணிய வயித்துப் புள்ளக்காரி தொடக் கூடாது, நீங்களே அலசிக்கங்கன்னு. நான் உங்கிட்ட சொல்லல."

சிங்கராயர் மகளின் விரலிடுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரே மேலே சொன்னார்.

"ரெண்டு நாள் நானே எடுத்துக்கிட்டுப் படித்துறைக்குப் போனேன். அங்க இருந்தவங்க சிரிச்சாங்க. என்னடா, பொண்டாட்டி துணி வெளுக்க வச்சிட்டாளான்னு. வெக்கமாப் போச்சு. மூணாம் நாள் உங்கிட்டயே குடுத்துட்டேன். நீ வயித்தத் தள்ளிக்கிட்டு உக்காந்து துவைச்ச. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் காலை நேரத்தில் அந்தப் படித்துறையின் மூன்றாம் படியில் பல் துலக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். வருகிற போகிறவனை ஒரு வார்த்தை கிண்டல் செய்யாமல் விடமாட்டேன் என்று பேர் வாங்கியவன். அன்றைக்குச் சிரித்தது யார் என்று சிங்கராயர் சொல்லவில்லை. சத்தியமாக எனக்கு நினைவில்லை. அவரைக் கேட்கவும் தைரியம் வரவில்லை. சீ, இந்த நாக்கு!

அந்தத் துணிதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இனி யாராலும் அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர் அவர். பழியைத் தூக்கிப் பெண்டாட்டி தன் தலையில் போட்டுக்கொண்டபோதும் வாயைத் திறக்காதவர் அவர். அது அவருக்குத் தெரியும்.

உதைபட்டுக் கிடந்த நீல வாளியைப் பார்த்துக்கொண்டு அருள்மேரி பேசினார். கோபமாகக்கூட இல்லை. கடையில் விலை கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்ப அந்தப் பப்பாளி?"

"அதுல ஒண்ணுமில்ல மேரி."

"ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மரத்த வெட்டுனேனே. பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க."

அவர் தலையாட்டினார். அருள்மேரி மகளின் கையை அவர் கையிலிருந்து உருவி, பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார். கொஞ்சதூரம் போனதும் சிங்கராயர் பின்னாலிருந்து கத்தினார். "வீட்டுக்குப் போனதும் துணிய மாத்தச் சொல்லு! இன்னொருக்கா சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லு! ஆஸ்பத்திரியிலயும் ஒரு தடவ காட்டிடணும்!" அருள்மேரி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே ஆட்டோ வைத்து மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, கழுவியது நல்லதாயிற்று, இனிமேல் அந்தப் பக்கமே விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

பிறகு பதினொரு நாள் அருள்மேரி கணவரோடு பேசவில்லை. சோறு வைப்பார், தண்ணீர் வைப்பார், பேச்சு மட்டும் கிடையாது. மருந்து அடிக்க அந்தப் பதினொரு நாளும் சிங்கராயர் எங்கேயும் போகவில்லை. நான் டீக்கடைக்குப் போகவில்லை. போனால் யாராவது அவரைப் பற்றி ஆரம்பிப்பார்கள், சிரிக்காமல் உட்கார்ந்திருக்க அங்கே எனக்குப் பழக்கமில்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவரிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அவர் வீட்டுப் பக்கம் போனேன். கும்பகோணம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பப்பாளிப் பழம். பையில்லை, காகிதமில்லை. தெருவே பார்க்கும்படி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போனார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன்.

கொல்லையில் அருள்மேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிங்கராயர் பழத்தை அவர் முன்னால், அரிவாள்மணைக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே அருள்மேரி துவைத்துப் பிழிந்து வைத்திருந்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக் கொடிக்குப் போனார். அதிலிருந்து அவருடைய சேலையை எடுத்து உதறி, தெருப்பக்கம் தெரியும்படி நீளமாக விரித்துப் போட்டார். அப்புறம் கிளிப்பை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்த ஈரச் சேலைக்குப் பின்னால் முகத்தை மறைத்தபடி, அரிவாள்மணை இழுபடும் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றார்.