செவலை குடித்த கல்யாணக் கள்

எங்கள் அக்காவின் கல்யாணத்தில் வயிறு முட்டக் கள் குடித்தது எங்கள் மாடு ஒன்றுதான். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், பார்த்தவள் நான்.

அப்போது நாங்கள் கோத்தா திங்கி டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயது இருக்கும். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. முதலில் சம்பளத்தைக் குறைத்தார்கள், பிறகு ஆளைக் குறைத்தார்கள். பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது, அங்கே இருந்தவர்கள் சொந்த ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்கு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை அடுத்த தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர், தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது வேண்டாம், விலை ஏறட்டும் என்று சொல்ல அப்பாவால் முடியுமா?

சாப்பாட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கொல்லையில் பூசணியும் மரவள்ளியும் கொழித்துக் கிடந்தன. கவலையெல்லாம் கள்ளைப் பற்றித்தான். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு ஆண்களை வரிசையாக உட்கார வைத்து, பெண் வீட்டார் கள் ஊற்ற வேண்டும். சம்பந்தி தன் குவளையைத் தரையில் கவிழ்த்து வைக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குவளை கவிழ்ந்தால்தான் பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பலாம். அதற்குள் ஜாடி காலியாகிவிட்டால் மானம் போயிற்று. அப்படிப் போன ஒரு பெண்ணைப் புகுந்த வீட்டில் பெயர் சொல்லியே கூப்பிடுவதில்லையாம், 'வறண்ட வீட்டுக்காரி' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கள் பற்றாமல் போனால் எங்கள் மாடு செவலையை விற்றுவிடுவது. கோத்தா திங்கியில் ஒரு பால்காரரிடம் பேசியும் வைத்துவிட்டார். அம்மா அன்றைக்குப் போட்ட சத்தம் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது. அம்மாவுக்குத் தாய்ப்பால் வற்றிப்போயிருந்தது. கைக்குழந்தையாக இருந்த என் தம்பி செவலையின் பாலில்தான் பிழைத்துக் கிடந்தான்.

"சம்பந்தி வயித்துக்கு ஊத்துறதுக்கு எம்புள்ள வயித்துல அடிப்பீங்களா?" என்றாள் அம்மா.

அப்பா கொட்டகைப் பக்கம் போய் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

எங்களைக் காப்பாற்ற வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுக்கும் வேலை அவருக்கு. "மச்சான், குடிக்கிறவன் நாக்கு மொதச் சுத்தோட மரத்துப்போயிரும். அதுக்கப்புறம் என்னத்த ஊத்துனாலும் அவனுக்குக் கள்ளுதான்" என்றார். ஒரே ஒரு ஜாடிக்கு நல்ல கள் வாங்கி முதல் சுற்று ஊற்றிவிடுவது. அடுத்த சுற்றிலிருந்து தன் கைச்சரக்கு. இளநீர், புளித்த நீராகாரம், வாசனைக்கும் நுரைக்கும் கள்ளுக்கடை ஜாடியின் அடியில் தங்கும் மண்டி கொஞ்சம். காசு செலவில்லை, செவலையும் வீட்டிலேயே இருக்கும். அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் தம்பியை ஒரு மனுஷனாக மதித்துப் பேசினாள்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலிருந்தே மழை. அந்த மழையில் தம்போய் ஊரிலிருந்து நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார் அத்தை, அப்பாவின் அக்கா. வந்ததிலிருந்து தும்மல். மூக்கு அடைத்துப்போய், பேசுவதே குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஆனால் அவர் சும்மா உட்காருகிற பிறவி இல்லை. ஒருவேளை கள் பற்றாவிட்டால் என்று அப்பா சொல்லி வைத்திருந்த பால்காரரும் வந்திருந்தார். மனுஷன் கயிற்றை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் பந்தியிலேயே உட்கார்ந்தார். அந்தக் கயிற்றைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் இலையில் மட்டும் நான் அப்பளம் வைக்கவில்லை.

தாலி கட்டியாயிற்று. கள்ளை எடுத்துவர மாமா பின்பக்கம் மாட்டுத்தொட்டியடிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். கைச்சரக்கு ஜாடி வைத்தது வைத்தபடி இருந்தது. நல்ல கள் இருந்த ஜாடியோ பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"ஏன்டா முழிக்கிற?" என்றார் அத்தை, முந்தானையில் கையைத் துடைத்தபடி. "வாயில்லா சீவன் காலையிலேர்ந்து பட்டினி கெடக்கு, எவளாச்சும் பாத்தாளா? அந்தக் கழனித்தண்ணியில தவிடு போட்டு வச்சேன். ஒரு சொட்டு விடல, அப்படிக் குடிச்சிச்சு!"

மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக எது இருந்தாலும் அது கழனித்தண்ணீர்தான், மாடு வைத்திருக்கிற வீட்டுப் பெண்களுக்கு. முகர்ந்து பார்க்க அவருக்கு மூக்கு எங்கே இருந்தது? மாமா தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கள்ளுக்கடையில் கணக்கு எழுதுகிற கிராணி கையில் காசு வாங்காமல் சொட்டுக்கூடத் தரமாட்டார். விஷயம் தெரிந்ததும் அப்பா பால்காரரைப் பார்த்தார். பால்காரர் கயிற்றோடு எழுந்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி சுவரோடு சாய்ந்துவிட்டாள். அவன் வேறு பாலுக்கு வீறிட்டு அழுதுகொண்டிருந்தான்.

பால்காரர் கொட்டகைக்குள் போனார். போன வேகத்தில் வெளியே வந்தார். செவலை தூணில் சாய்ந்துகொண்டு, கண்ணைச் சொருகி, நாக்கை ஒரு பக்கம் தொங்கப்போட்டு, காலை மாற்றி மாற்றி வைத்து ஆடிக்கொண்டிருந்தது.

"நோவு புடிச்ச மாட்ட என் தலையில கட்டப் பாக்குறீங்களா? நல்லாருக்கு ஞாயம்!" என்று கத்திவிட்டு, தாம்பூலத் தட்டிலிருந்து வெற்றிலையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அப்பாடா! அந்தக் கயிறு மரங்களுக்குள் மறைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. செவலையைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன். கள் நாற்றம் குப்பென்று அடித்தது.

அப்பாவுக்கு அந்த நிம்மதி இல்லை. மாட்டை விற்கவும் வழியில்லை, கள்ளும் இல்லை. வெளியே சம்பந்தியும் அவர் ஆட்களும் குவளைகளோடு காத்திருந்தார்கள். சம்பந்தி ஆள் தேக்குமரம் மாதிரி இருப்பார், முறுக்கு மீசை வேறு. வேறு கதியில்லாமல் மாமா கைச்சரக்கையே கொண்டுபோய் ஊற்றினார்.

சம்பந்தி ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார். குவளைக்குள் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். அந்த நேரத்தில் கொட்டகையிலிருந்து செவலை நீளமாக, பாட்டு மாதிரி இழுத்து ஒரு சத்தம் போட்டது. சம்பந்தி திரும்பினார். தட்டிச் சந்து வழியாக மாடு ஆடுவது தெரிந்தது. வாசற்படியில் பாலுக்கு அழுகிற தம்பியை வைத்துக்கொண்டு அம்மா நிற்பதும் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மீதியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"ஆத்தாடி, என்னா சரக்கு சம்பந்தி இது! மொத மொடக்குலயே தூக்குது!"

மாமா மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். குவளையை ணங்கென்று கவிழ்த்து வைத்தார். பிறகு தன் ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். வரிசையாக எல்லாக் குவளையும் கவிழ்ந்தது. உள்ளே அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். மாமாவின் கைமருந்து பலித்துவிட்டது என்று நான் அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தும்மினார்.

அதன் பிறகு அவர்கள் போட்ட ஆட்டம் இருக்கிறதே! சம்பந்தி யாரோ ஒருவர் தோளில் விழுந்தார், பந்தல்காலைக் கட்டிப்பிடித்துக் குசலம் விசாரித்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

லாரி நின்ற சாலைக்குப் போக, லயத்துக்கு முன்னாலிருந்த பெரிய வாய்க்காலைத் தாண்ட வேண்டும். பாலம் என்பது குறுக்கே போட்ட ஒற்றைத் தென்னைமரம்தான். மழையில் மரம் வழவழவென்று கிடந்தது, தண்ணீர் கரை முட்ட ஓடியது. சம்பள நாளில் குடித்துவிட்டு வருகிறவர்கள் அதில் தொப்பென்று விழுவது எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு வழக்கமான வேடிக்கை. எத்தனை பேர் விழுவார்கள் என்று பார்க்க நான் முதல் ஆளாக ஓடிப்போய் நின்றேன்.

ஒருவர்கூட விழவில்லை. கடைசியாக அக்கா பட்டுச்சேலையைப் பிடித்துக்கொண்டு பயந்து நின்றாள். சம்பந்தி அக்கரையிலிருந்து மரத்தின் மேலேயே திரும்பி வந்தார். அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முதுகுப்புறமாகவே அடிமேல் அடி வைத்து, "கீழ பாக்காத ஆத்தா, என்னைய பாரு" என்று சொல்லிச் சொல்லி அவளை அக்கரைக்குக் கூட்டிப்போனார்.

நான் கை தட்டினேன். "எம்புட்டுக் குடிச்சும் வழுக்கவே இல்லப்பா!"

அப்பா சிரிக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டு, அக்கரையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியபடி நின்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. லாரி போன பிறகும் கையை இறக்கவில்லை. பாவம், அக்காவை நினைத்து அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "தீவாளிக்கு வந்துருவாப்பா" என்று நான் அவரைத் தேற்றினேன்.