சிறுநீர் தானாக வந்ததற்காக

மீஞ்சூர் தாண்டியபோது முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, முடியாமல், ஊர் வருவதற்கு முன்பே ஒரு நிலையத்தில் இறங்கினேன். நடைமேடையின் கடைசிக்குப் போனால் கழிப்பறைக் கதவில் பூட்டு தொங்கியது. நிலையத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் மற்ற நிலையங்கள் எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

சாவி எங்கே என்று கூட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"எங்கைல இல்ல பெர்சு. சாவி வச்சிக்கினு கீறவரு சாப்புடப் போய்கிறாரு."

எவர் என்று அவருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சுற்றுச்சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். எழுபத்தொரு வயதில், துக்க வீட்டுக்குப் போய்த் திரும்பும் வெள்ளைச் சட்டையோடு, செடிக்கு நடுவே. நின்றேன், நின்றேன். ஒரு சொட்டு வரவில்லை.

என் நோய் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொண்டது. பூட்டு திறந்திருந்தாலும் வந்திருக்காது என்று பிறகு மருத்துவர் சொன்னார். அதற்காக அந்தப் பூட்டை நான் மன்னிக்கப்போவதில்லை.

எங்கள் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் கழிப்பறை கிடையாது. முப்பத்தொரு வருடம் அதில் போய்வந்தேன். நகரத்தின் வடக்கே ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. போல்ட், நட், வாஷர் என்று வந்ததையும் போனதையும் எண்ணி எழுதுவது. கூட வந்தவர்களும் நானும் காலையில் அரை டம்ளர் காபியோடு நிறுத்திக்கொள்வோம். வண்டியில் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். யார் அதிகம் அடக்குகிறார் என்பதில் ஒரு பெருமைகூட இருந்தது.

தண்ணீர் விஷயத்தில் என் மனைவி எஸ்தர் என்னையும் மிஞ்சியவள். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வீடு திரும்பும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டாள். அவளுடைய பக்தியை நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். எஸ்தர் குழாயைத் திறந்துவிட்டாள், அந்தச் சத்தத்துக்கு வரும் என்று. அவள் தம்பி சாமுவேல் பக்கத்துத் தெருவிலிருந்து ஓடி வந்தான். உடம்பில் சூடு, தண்ணீர் குடித்தால் சரியாகும் என்றான். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியே போக வழி அடைத்திருக்கும்போது உள்ளே ஊற்றுவது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. தொட முடியவில்லை.

மகன் டேவிட் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் வேலை செய்கிறான். ஷிப்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து என்னை ஆட்டோவில் ஏற்றினான். மருத்துவமனைக்குப் போகும் வழியில் பத்தொன்பது வேகத்தடைகள். லாரிகளுக்காகப் போட்டதாம். லாரிகள் எதற்கும் வேகத்தைக் குறைத்து நான் பார்த்ததில்லை. நான்தான் ஒவ்வொன்றுக்கும் கத்தினேன்.

மருத்துவர் இளம் பெண். என் பேத்தியைவிட நாலைந்து வயது மூத்திருக்கலாம். வேட்டியைத் தளர்த்தச் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வலியால் மட்டும் இல்லை.

"ஐயா, சளிக்கு ஏதாச்சும் மாத்திரை போட்டீங்களா?"

"ரெண்டு."

"யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"மெடிக்கல்ல குடுத்தாம்மா."

"அவரு டாக்டரா?"

டேவிட் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மருத்துவர் கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) போட்டார். அந்த ஒரு நிமிடம் எப்படியிருந்தது என்று சொல்லிப் பயமுறுத்த விரும்பவில்லை. அதற்கு அடுத்த நிமிடத்தைச் சொல்கிறேன். குழாயின் முனையில் மாட்டிய பை நிரம்ப நிரம்ப, இறுகியிருந்த வயிறு கொஞ்சம் கொஞ்சமாக என்னுடையதாக ஆனது. பையில் கோடுகள் போட்டிருந்தார்கள். ஸ்டோர்ஸ்காரன் கண் சும்மா இருக்குமா? தொள்ளாயிரத்தைத் தாண்டி நின்றது. ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

பிறகு அவர் விளக்கினார். புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் பாதையைச் சுற்றியிருக்கும் சுரப்பி) வயதானால் பெருக்கும். பாதை குறுகும். சளி மாத்திரைகளில் சில, சிறுநீர்ப்பையின் வாயை இன்னும் இறுக்கிவிடும். ஏற்கெனவே குறுகியிருந்த பாதை முழுக்க மூடிக்கொண்டது.

"முப்பத்தொரு வருஷம் ரயில்ல அடக்கினேன்மா. அதனாலதானே?"

"அடக்கறது நல்லதில்ல ஐயா. ஆனா இதுக்குக் காரணம் அது இல்ல. வயசு."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ரயில்வேக்கு ஒரு புகார் எழுத மனதுக்குள் வாசகங்கள்கூடத் தயாராக இருந்தன. வயதின் மேல் எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாயைத் தளர்த்த ஒரு மாத்திரை. ஒரு வாரம் கழித்துச் சோதனை. குழாயை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். தானாக வந்தால் தப்பித்தேன். வராவிட்டால் மறுபடி குழாய், பிறகு அறுவை. என் இதயத்தில் ஏற்கெனவே ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை) இருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றார்கள். யோசித்து, வேண்டாம் என்று முடிவானால், மிச்ச நாள் முழுக்கக் குழாயும் பையும்தான்.

அந்த வாரம்தான் எல்லோரும் எனக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள்.

"மாமா, ஸ்தோத்திரம் சொல்லுங்க. கேன்சரு இல்ல. கிட்னி போவல. இத்தினி நல்லது இருக்குதே, எண்ணிப் பாருங்க" என்றான் சாமுவேல்.

"எனக்கு எண்ணக் கத்துத் தரியா நீ? இந்தக் குழாய உனக்குச் சொருவிக்கினு அப்பறம் வந்து சொல்லு ஸ்தோத்திரம்."

"பாருக்கா, வாய மட்டும் அடைக்கலியே இவருக்கு!"

"அத அடைச்சிருந்தா நானே ஸ்தோத்திரம் சொல்லியிருப்பேன்டா" என்றாள் எஸ்தர் அடுப்படியிலிருந்து.

சாமுவேல் தினமும் காலையில் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்புவான். சூரிய உதயம், அதன் மேல் தினப்படி வாழ்வில் நன்றி சொல்ல வேண்டியவை: காற்று, வெளிச்சம், சோறு, உறவு, தூக்கம். காலில் கட்டிய பையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். எவனும் அதில் மூத்திரத்தைப் போடவில்லை. காற்றுக்கு அடுத்த இடத்தில் அதுதான் இருக்க வேண்டும். சோறு ஒரு வேளை இல்லாமல் இருந்து பார்த்திருக்கிறேன். இது இல்லாமல் ஒரு வேளை இருந்து பாருங்கள்.

பெயரைச் சொல்லவே கூசுகிறார்கள். அக்கம்பக்கத்தில் எஸ்தர் "வயித்து வலி" என்று சொல்லிவைத்தாள். சபையில் "நம் சகோதரரின் வயிற்று உபாதைக்காக" ஜெபித்தார்களாம். என் வயிற்றில் ஒரு உபாதையும் இல்லை. எனக்குக் கோபம் வருவது இதனால்தான்: இரண்டு வருடமாக எனக்கு மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நின்று நின்று வரும். முக்க வேண்டியிருக்கும். முடிந்த பிறகும் சொட்டும். இதெல்லாம் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எல்லா ஆண்களும் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்கு எது தெரியும்?

சோதனை நாளில் காலையிலேயே குழாயை எடுத்துவிட்டார்கள். செவிலியர் ஒரு பிளாஸ்டிக் ஜக்கைக் கையில் கொடுத்தார்.

"தாத்தா, வந்தா இதுலதான் போவணும். அளவு பாத்துதான் டாக்டர் முடிவு பண்ணுவாங்க."

தாழ்வாரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைத் தள்ளிவைத்தவனுக்கு ஒவ்வொரு டம்ளரும் ஒரு பரீட்சை. முட்டுவது போலிருக்கும், போய் நிற்பேன், வராது. திரும்பி வந்து உட்கார்ந்தால் போன் அடிக்கும். கடம்பத்தூரிலிருந்து மகள்: "வந்துச்சாப்பா?" ஆலையிலிருந்து டேவிட்: "நைனா, இன்னா ஆச்சு?" சாமுவேல், ஜெபக் குழுவில் பதினாலு பேர் முழங்காலில் நிற்பதாகச் சொன்னான். பதினாலு பேர் முழங்காலில் நின்று எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வருகிறதும் நின்றுவிடும் என்று போனை எஸ்தரிடம் கொடுத்துவிட்டேன்.

நாலாவது முறை போனபோது எதையும் நினைக்கவில்லை. சுவரில் ஈரம் ஊறி ஒரு கறை இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தது. முதலில் நூல் மாதிரி, பிறகு சத்தத்தோடு. நான் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து, "வந்துச்சும்மா!" என்று தாழ்வாரமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"ஜக்கு எங்க தாத்தா?"

ஜக்கு நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மேலேயே காலியாக இருந்தது.

"எவ்ளோ போச்சு?"

"நெறைய."

"நெறையன்னு எழுதறதா? நீங்க ஸ்டோர்ஸ்ல வேல பாத்தேன்னுதானே சொன்னீங்க?"

எஸ்தர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு. முதல் தடவை வந்தது தற்செயலாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் அப்போதுதான் முழுதாக வந்தது. மாலை நெருங்கும்போது ஜக்கில் இருநூற்றி இருபது மில்லி. உள்ளே மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேனில் பார்த்தார்கள். கொஞ்சம்தான். குழாய் வேண்டாம் என்றார் மருத்துவர். மாத்திரையை நிறுத்தக் கூடாது, சொன்ன நாளில் வந்து காட்ட வேண்டும், மெடிக்கலில் கேட்டு எதையும் விழுங்கக் கூடாது.

அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போனேன். எங்கள் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கைக்கு ஒரு கவர் கொடுப்பார்கள். அதன் மேல் என்ன காரணத்துக்காக என்று எழுத வேண்டும். போதகர் ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் படிப்பார்: பிறந்த நாளுக்காக, வீடு கட்டியதற்காக, வேலை நிரந்தரமானதற்காக.

"சரீர சுகத்துக்காகன்னு எழுதுங்க" என்றாள் எஸ்தர்.

நான் எழுத வேண்டியதை எழுதினேன்.

போதகர் இளைஞர், நல்லவர். என் கவரை எடுத்தார், பார்த்தார், ஒருமுறை கண்ணாடியைச் சரிசெய்தார். "பூரண சுகம் கிடைத்ததற்காக" என்று படித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்து நின்றேன். எஸ்தர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா, எழுதினத அப்படியே படிங்க."

அவர் கவரைத் திரும்ப எடுத்தார்.

"சிறுநீர் தானாக வந்ததற்காக."

ஒரு சிறுமி சிரித்தாள். யாரோ அதட்டினார்கள். பிறகு ஆண்கள் பக்கம் கடைசி வரிசையிலிருந்து, தொண்டை கட்டிய ஒரு கிழக்குரல், "ஆமென்" என்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஐந்து பேர் என்னிடம் வந்தார்கள். ஒருவர் பேசிவிட்டு நகரும்வரை அடுத்தவர் தள்ளி நின்றார்.

"அண்ணே, முக்கினாதான் வருது. அதுவா?"

"அந்த மாத்திரை பேரு இன்னா?"

பேரைச் சொல்லவில்லை. டாக்டரைப் போய்ப் பார் என்று ஐந்து பேரிடமும் சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

இத்தனை பேசியதில் எனக்கே முட்டிக்கொண்டு வந்தது. ஆலயத்தின் பின்பக்கம் ஒரு கழிப்பறை உண்டு. அத்தனை வருடத்தில் அன்றுதான் அதற்குப் போனேன். பூட்டு. சாவி போதகர் வீட்டில். போதகர் அடுத்த கிராமத்து ஆராதனைக்குக் கிளம்பிவிட்டார்.

"இங்கயுமா பூட்டு!" என்று போட்ட சத்தத்தில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னிக்குதான் பாக்கறீங்களா? அது எப்பவும் பூட்டிதான் கீது" என்றாள் எஸ்தர்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம நான் ஏன் பச்சத்தண்ணி குடிக்காம வரேன்னு நெனச்சீங்க?"

"உபவாசம்னு..."

"உபவாசமாமே!" என்று அவள் பக்கத்திலிருந்தவளின் தோளைத் தட்டினாள். அங்கே நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள். அதில் ஒருத்தி சொன்னாள்: "எங்க எல்லாருக்கும் அதே உபவாசந்தான் அண்ணே."

நான் சிரிக்கவில்லை. அங்கிருந்து நேராகப் போதகர் வீட்டுக்கு நடந்தேன். போதகரின் மனைவியிடம் சாவியை வாங்கினேன், வேலை முடிந்தும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆலயக் கதவுக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டினேன். பிள்ளைகள் விளையாடுவார்கள், அசிங்கம் பண்ணுவார்கள் என்று கமிட்டியில் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். வரட்டும். அந்த ஐந்து பேரும் இப்போது என் பக்கம்.

ரயில் நிலையத்துப் பூட்டு அப்படியேதான் இருக்கிறது. போன வாரமும் இறங்கிப் பார்த்தேன். அதற்குப் புகார் எழுதி அனுப்பியிருக்கிறேன், வயதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

முன்பெல்லாம் என் நாளை வண்டி நேரம்தான் வெட்டி வைத்திருந்தது. உடம்பு அதன் பின்னால் ஓடும். இப்போது உடம்பு கூப்பிடும்போது போகிறேன். போய் நின்றால் அவசரப்படுவதில்லை. அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்கிறேன். எத்தனை முறை என்று எண்ணுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை எங்கள் வீட்டில் இரண்டு டம்ளர் காபி. பிரசங்கத்தின் நடுவே எஸ்தர் எழுந்து போவாள். ஆணியிலிருந்து சாவியை எடுக்கும் சத்தம் ஆண்கள் பக்கம்வரை கேட்கும். போதகர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வார். எனக்கு அன்றைய ஆராதனையில் அதுதான் ஸ்தோத்திரம்.