பயந்தால் கையை விடு

பயம் வந்தால் கையில் அகப்பட்டதை இறுக்கிப் பிடித்துக்கொள்வது என் சுபாவம். பஸ் டிரைவர் பிரேக் போட்டால் பக்கத்தில் நிற்பவளின் முந்தானையைப் பிடிப்பேன். இடி இடித்தால் என் கணவரின் சட்டையைப் பிடிப்பேன். கல்யாணமான முதல் மழைக்காலத்திலேயே தன் நல்ல சட்டைகள் எல்லாம் கிழிந்துபோனதாக அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். இப்பேர்ப்பட்டவளிடம்தான் அந்த மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

காசிமேட்டில் ஒரு ஐஸ் கடையில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு ஐஸ் உடைத்து நிரப்ப வேண்டும். பழைய மெஷினில் ஐஸ் பாளத்தைத் தூக்கிப் போடுவோம். அடைத்துக்கொண்டால் கையாலேயே தள்ளுவோம். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அப்படித் தள்ளியபோதுதான் அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் போயின. நான் எதிர்ப்பக்கம் நின்று பாளத்தைப் பிடித்திருந்தேன். அவர் கத்தக்கூட இல்லை. ஐஸ் சிவப்பாக வந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

முதலாளி இப்போது வாங்கியது தானாக நகரும் மெஷின். இரண்டு பெரிய சக்கரங்கள், முன்னால் ஐஸை அள்ளி நொறுக்கும் இரும்புத் திருகு, மேலே யானைத் துதிக்கை மாதிரி வளைந்த குழாய். கரையில் கொட்டிக் கிடக்கும் ஐஸை வாரி, படகின் அடியறைக்குள் வீசி எறியும். பின்னால் நிற்பவர் இரண்டு கைப்பிடிகளைப் பிடிக்க வேண்டும். இடதை அழுத்தினால் வண்டி நகரும். வலதை அழுத்தினால் திருகு சுற்றும். கையை எடுத்தால் இரண்டும் நின்றுவிடும். மிச்சமிருந்த இரண்டு விரல்களால் இடது பிடியை அழுத்த அவரால் முடியவில்லை. நீ ஓட்டினால் ஓட்டு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் முதலாளி சொல்லிவிட்டார்.

மெஷினை இறக்கிவைத்த மெக்கானிக் டீயைக் குடித்துக்கொண்டே பாடம் நடத்தினான். "ஒன்னியும் இல்லக்கா. பயமா இருந்துச்சுன்னா கைய வுட்டுடு. அதுவா நின்னுடும்."

சொல்வதற்கு அவனுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் அழுத்தினேன். மெஷின் ஒரு உதறு உதறி நகர்ந்தது. பயம் வந்தது. பயம் வந்ததும் இறுக்கிப் பிடித்தேன். இறுக்கியதும் அது இன்னும் வேகமாகப் போனது. நேராகத் தண்ணீரை நோக்கி என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு செருப்பு எங்கோ போனது.

"வுடு மே! கைய வுடு மே!" என்று அவர் பின்னாலேயே ஓடிவந்தார். காது கேட்டது. கைதான் கேட்கவில்லை. கரை ஓரத்தில் குவித்திருந்த வலையில் போய் முட்டித்தான் மெஷின் நின்றது.

"இன்னாக்கா, வண்டியோட கடலுக்குக் கெளம்பிட்டியா?" என்று படகிலிருந்து ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வாயில் வந்த பதிலை இங்கே எழுத முடியாது. ஆனால் என் பயம் கடலைப் பற்றி இல்லை. கடலில் விழுந்திருந்தால்கூட யாராவது தூக்கிப் போட்டிருப்பார்கள். எனக்கு அந்தத் திருகின் சத்தம்தான் பயம். பழைய மெஷினின் அதே சத்தம். அவருக்கு மிச்சமிருப்பது வலது கை ஒன்றுதான்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பயிற்சி நடந்தது. ஒரு கையில் பூரிக்கட்டை, மறு கையில் கரண்டி. அவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து "பே!" என்பார். நான் இரண்டையும் கீழே போட வேண்டும். முதலில் இன்னும் இறுக்கித்தான் பிடித்தேன். ஒருமுறை பூரிக்கட்டையாலேயே அவர் தோளில் ஒன்று வைத்துவிட்டேன். பிறகு மெல்ல மெல்லக் கை பழகியது. ஒருநாள் பல்லியைப் பார்த்துக் குழம்புக் கரண்டியைத் தொப்பென்று போட்டேன். "பாஸாய்ட்ட மே" என்றார்.

மெஷினும் கொஞ்சம் கொஞ்சமாக வசப்பட்டது. திருப்பும்போது கையால் மல்லுக்கட்டக் கூடாது, இடுப்பால் தள்ள வேண்டும். ஈரத் தரையில் மெதுவாகப் போக வேண்டும். குழாயின் வாயை ஆள் இல்லாத பக்கம்தான் திருப்ப வேண்டும். எல்லாம் வந்தது, பயம் மட்டும் போகவில்லை. தினமும் அதைத் தொடுவதற்கு முன்னால் அவர் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த அன்று துறைமுகமே தலைகீழாக இருந்தது. அத்தனை படகும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும், அத்தனை பேரும் ஐஸ் கேட்கிறார்கள். நான் மெஷினைப் பிடித்திருந்தேன். அவர் படகின் அடியறையில் நின்று ஐஸைப் பரப்பிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் என் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், அவர் மேலே வந்து வலதுபக்கக் கைப்பிடியை அழுத்திவைத்து நைலான் கயிற்றால் கட்டிவிட்டார். எங்கள் துறைமுகத்தில் எதுவானாலும் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள். உடைந்த கதவு, ஆடும் நாற்காலி, தொங்கும் பம்ப்பர், எல்லாம் கயிற்றில்தான் நிற்கிறது.

"இப்ப சும்மா இட்டுகினு போ. அதுவா சுத்தும்" என்றார்.

"கட்டிட்டா எப்பிடியா நிக்கும்?"

"ஏன் நிக்கணும்? இத்தினி போட்டு ஐஸுக்கு நிக்கிது, நீ வேற. பயந்தாங்கொள்ளி!"

திட்டிவிட்டுக் கீழே இறங்கினார். நான் மீன் வெட்டும் கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்துப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. வலித்தால் வலிக்கட்டும் என்று மறுபடியும் கையாலேயே பிடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் குழாய் அடைத்துக்கொண்டது. உருகிய ஐஸ் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. திருகு சுற்றுகிறது, ஐஸ் வரவில்லை. அடைப்பு தானாக விட்டுவிடும் என்று கைப்பிடியை அழுத்தியபடியே நின்றேன். கீழே காத்திருந்து பொறுமை போய் அவர் மேலே ஏறி வந்தார். அடைப்பைக் குத்தி எடுக்க ஒரு மரக்கட்டை மெஷினிலேயே மாட்டியிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. வருஷக்கணக்காகச் செய்த பழக்கம், நேராக வந்து வலது கையைத் திருகு இருக்கும் பக்கமாகக் குழாய்க்குள் விட்டார்.

எனக்குக் கத்த வரவில்லை. என் கைகள் விரிந்துகொண்டன.

திருகு நின்றது. எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவர் முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு பெரிய கட்டியை இழுத்து வெளியே போட்டார். அப்போதுதான் எதற்குள் கையை விட்டோம் என்று அவருக்கே உறைத்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பார்த்தார். சக்கரத்துக்குக் கீழே அறுந்து கிடந்த கயிற்றைப் பார்த்தார்.

நான் அவரை நெஞ்சிலும் தோளிலும் மாறி மாறி அடித்தேன். அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதேன். "அக்கா, ஐஸு!" என்று படகிலிருந்து கத்தினார்கள். எனக்குக் கைப்பிடியின் பக்கமே போகப் பிடிக்கவில்லை.

"இனிமே நான் தொடமாட்டேன்யா. எனக்குப் பயமா கீது. தைரியமா வேற எவனாச்சும் வந்து புடிக்கட்டும்."

"வேற எவனாச்சும் புடிச்சிருந்தா கயித்த அறுத்திருக்க மாட்டான் மே" என்றார். "நீயே புடி. பயந்துகினே புடி."

மரக்கட்டையைக் கழற்றி வலது கையில் எடுத்துக்கொண்டு அடியறைக்குள் இறங்கினார். அவர் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பயந்துகொண்டேதான் பிடித்தேன்.