அம்மை வீட்டில் கருவாடு பொரித்தது

பாம்பன் பக்கம் எங்கள் தெருவில் பெரியம்மை கண்டபோது, சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து எல்லோருக்கும் அம்மை குத்திவிட்டு, தெருவின் இரண்டு முனையிலும் கயிறு கட்டிக் காவலும் போட்டார். உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. மீன் வாங்க வருகிறவர்கள் எங்கள் தெருவென்றாலே நடையைக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி காதில் விழும். பூசைக்குப் போக வழியில்லை. அடைந்து கிடந்த வீட்டில் யார் மூஞ்சியைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சலாக வந்தது.

எங்கள் வீட்டில் அம்மை என் தங்கைக்கு. ஐந்து வயது. எங்களைப் பெற்ற அய்யா அப்போது மண்டபம் பக்கம் தொழிலுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவரைக் கயிற்றோடு நிறுத்திவிட்டார்கள். கரையில் வள்ளத்துப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். காலையிலும் மாலையிலும் கயிற்றருகே வந்து, "ஏ புள்ள, சின்னவ எப்படி இருக்கா?" என்று சத்தம் கொடுப்பார். "இருக்கா" என்பாள் அம்மா.

நாங்கள் வேதக்காரர்கள், சிலுவையைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் அம்மை கண்ட வீட்டில் தாளிப்பதும் பொரிப்பதும் கிடையாது. அதில் மட்டும் எங்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமில்லை. குணமாகித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சட்டியில் எண்ணெய் விழும். அதுவரை கஞ்சிதான்.

ஒரு மத்தியானம் தங்கை கண்ணைத் திறந்து, "கருவாடு பொரிச்சுத் தா" என்றாள். பேச்சே நின்றுபோயிருந்த பிள்ளை. அம்மா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பாவம்னா எனக்கு வரட்டும்" என்று எழுந்து போய் அடுப்பில் சட்டியை வைத்தாள்.

கருவாட்டு வாசம் கடற்கரைக்குப் போகாமல் இருக்குமா? தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று அய்யா நினைத்துவிட்டார். கயிற்றைத் தாண்டி, தடுத்த காவல்காரரைத் தள்ளிவிட்டு, சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். "தண்ணி ஊத்திட்டியளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டபடி வாசலில் குனிந்து நுழைந்தார்.

அம்மா கரண்டியோடு நின்றாள். பாயில் கிடந்தவளைப் பார்த்ததும் அய்யாவுக்கு விளங்கிவிட்டது. எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. ஒரு குரல் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்திருக்கலாமே.

பின்னாலேயே வந்த காவல்காரர், "இனி நீங்க வெளிய போக முடியாது" என்றார்.

"நான் எங்க போறேன்" என்றார் அய்யா. முள்ளை எடுத்துவிட்டு ஒரு துண்டைத் தங்கையின் வாயில் வைத்தார். அவள் மெதுவாக மென்றாள்.

மறுநாள் காலையில் அவள் போய்விட்டாள். தலை அய்யாவின் மடியில்தான் இருந்தது.

அம்மை வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்ததால்தான் பிள்ளை போனது என்று தெருவே பேசியது. அம்மாவும் அதை நம்பி அழுவாள். அப்போதெல்லாம் அய்யா, "விடு புள்ள. அந்த வாசம் வரலைன்னா நான் இன்னமும் கயித்துக்கு அங்கிட்டுதான் நின்னுருப்பேன்" என்பார்.